ஸ்க்ரிவனர் 3: முதல் மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலைத் தமிழில் எழுதுகிறவருக்கு உதவுமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குறிப்புகளைச் சேர்த்துவைக்க, காட்சி காட்சியாக எழுத, எழுதியதைக் கலைத்து மறுபடி அடுக்க ஸ்க்ரிவனர் என்ற எழுத்து மென்பொருள் அருமையான கருவி. ஆனால் பெயரை மாற்றுவது, பிழை திருத்துவது, பதிப்பாளருக்கு அனுப்பும் பிரதியை வெளியே எடுப்பது ஆகிய மூன்று இடங்களிலும் அதற்குத் தமிழ் தெரியாது. இரண்டாம் வரைவு வரை இதில் வைத்திருந்துவிட்டு வேர்டுக்கு மாறுகிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். கடைசிப் புள்ளிவரை இதிலேயே முடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் தலைவலிதான்.

லிட்டரேச்சர் அண்ட் லாட்டே என்ற சிறிய பிரிட்டிஷ் நிறுவனத்தின் மென்பொருள் இது. மூன்றாம் பதிப்பு மேக்குக்கு 2017இலும் விண்டோஸுக்கு 2021இலும் வந்தது. மாதச் சந்தா கிடையாது. ஒருமுறை வாங்கினால் போதும். கணினிப் பதிப்பின் விலை சுமார் 60 அமெரிக்க டாலர், நம் சிங்கப்பூர்க் காசுக்கு ஏறக்குறைய 80 வெள்ளி. மேக், விண்டோஸ், ஐபோன் மூன்றுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு இல்லை. 30 நாள் இலவசச் சோதனை உண்டு, அதுவும் திறந்து வேலை செய்த நாள்களை மட்டுமே எண்ணும். சனி, ஞாயிறு மட்டும் எழுதுகிறவருக்கு அது 15 வாரம். ஒரு நாவலின் முதல் பகுதியையே முடித்துவிடலாம். அதனால் இன்றைக்கே பணம் கட்ட வேண்டிய அவசரம் இல்லை.

திரையின் இடப்பக்கம் இருக்கும் பைண்டர் என்ற கோப்புப் பட்டியல்தான் இதன் உயிர். நாவல் என்பது ஒரே நீளக் கோப்பு அல்ல, ஒவ்வொரு காட்சியும் ஒரு சிறு கோப்பு. அவற்றை இழுத்து மேலே கீழே நகர்த்தலாம், அட்டைகளாகப் பலகையில் பரப்பிப் பார்க்கலாம், பட்டியலாக விரித்துப் பார்க்கலாம். தமிழில் ஒரு காட்சிக்கு 700 முதல் 1,200 சொல் என்று வைத்துக்கொண்டால் கையாள வசதி. காட்சி நீண்டுவிட்டால், வெட்ட வேண்டிய இடத்தில் கர்சரை வைத்துக் கன்ட்ரோலும் கே விசையும் (மேக்கில் கமாண்ட், கே) அழுத்தினால் இரண்டாகப் பிரிந்துவிடும். சொல் இலக்கு வைக்கும் வசதியும் உண்டு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இது இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணுகிறது. ‘வந்துகொண்டிருந்தான்’ ஒரு சொல், ‘வந்து கொண்டிருந்தான்’ இரண்டு சொல். ஆங்கில எழுத்துப் பட்டறைகளில் சொல்லும் 90,000, ஒரு லட்சம் போன்ற கணக்கைத் தமிழ் நாவலுக்கு அப்படியே தூக்கிவந்தால் புத்தகம் செங்கல் கனத்துக்கு வந்துவிடும். உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழி நம்முடையது.

மிகுபுனைவு எழுதுகிறவருக்கு இதில் மிகப் பெரிய பயன் ‘ரிசர்ச்’ என்ற கோப்புறை. அதில் இடும் பிடிஎஃப், படம், குறிப்பு எதுவும் நாவலின் சொல் எண்ணிக்கையில் சேராது, இறுதிப் பிரதியிலும் வராது. முதல் நாவலுக்கான தூண்டுதல்களைப் பாதுகாத்துவைக்கும் பெட்டி அது. சிங்கப்பூரில் உட்கார்ந்து எழுதுகிறவர் அதை நிரப்ப வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மலாய் மொழியின் பழைய அரச வரலாற்று நூலான செஜாரா மெலாயுவிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதில் வரும் கலிங்க அரசன் ஒருவன் (சூரான், சூலான் என்று பிரதிக்குப் பிரதி பெயர் மாறும்) கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலடிக்குப் போகிறான். அங்கே ஓர் அரசகுமாரியை மணக்கிறான். அந்த வழியில் வந்தவனாகத்தான் சிங்கபுரத்தை நிறுவிய சாங் நீல உத்தமனை அந்த நூல் காட்டுகிறது. சூலான் என்ற பெயரில் சோழன் ஒலிக்கிறான்; சோழர் படையெடுப்பின் நினைவு கடல்தாண்டிக் கதையாகும்போது என்ன வடிவம் எடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? அதே நூலில் வாள்மீன்கள் கரையில் நிற்பவர்களைக் குத்திக் கொல்கின்றன. வாழைத்தண்டுகளை வரிசையாக நட்டால் மீன்களின் அலகு அதில் மாட்டிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் யோசனை சொல்கிறான். ஊர் தப்பிக்கிறது. இவ்வளவு புத்திசாலி பிற்பாடு ஆபத்தாவான் என்று பயந்து அரசன் அவனைக் கொன்றுவிடுகிறான். பாடாங் என்ற பலசாலியின் கதையும் அங்கேதான். ஆவியின் வாந்தியைத் தின்று வலிமை பெற்றவன் அவன். கலிங்கத்திலிருந்து வந்த மல்லனோடு போட்டியிட்டுப் பெரும்பாறையை ஆற்றின் முகத்துவாரத்துக்கு வீசுகிறான். மாய சக்திக்கு விலை உண்டு என்பதை அந்தக் கதை நன்றாகவே காட்டுகிறது, ஆனால் விலை ஆரம்பத்திலேயே கட்டப்பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு அவனுக்குத் தடையே இல்லை. ஒரு கிளைக்கதைக்கு அது போதும். 300 பக்க நாவலுக்கு, ஒவ்வொரு முறையும் எதையாவது பறித்துக்கொள்ளும் சக்திதான் தேவை.

சிங்கப்பூர் ஆற்றின் வாயில் நிஜமாகவே ஒரு பாறை இருந்தது. ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம், அதில் 50 வரி அளவுக்கு எழுத்து. 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு ஸ்டாம்ஃபர்டு சாலையில் உள்ள தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எழுத்தை இன்றுவரை யாரும் படித்து முடிக்கவில்லை. கையில் கிடைத்த மந்திர ஏடு என்று நினைத்து உடனே கதைக்குள் தூக்கிப் போட ஆசை வரும். இங்கே எழுதப்படும் மிகுபுனைவில் பலரும் முதலில் கைவைக்கும் இடமும் அதுதான், எச்சரிக்கையாக இருப்பது நல்லது. நம் பக்கத்தில் மணிமேகலை இருக்கிறது. கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கும் சாதுவன், அவர்களுடைய மொழி தெரிந்ததால் உயிர் பிழைக்கிறான். ஆபுத்திரன் மறுபிறப்பில் சாவகத்தில் அரசனாகிறான். வாளால் அல்லாமல் மொழியால் பிழைக்கும் நாயகனை நம் இலக்கியம் எப்போதோ தந்துவிட்டது, முதல் நாவல்காரர்கள்தான் இன்னும் வாளைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

இவற்றைத் திரட்ட விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தின் லீ கொங் சியான் மேற்கோள் நூலகம் போதும். அங்குள்ள நூல்களை வீட்டுக்கு எடுத்துவர முடியாது. குறிப்பெடுத்துத்தான் வர வேண்டும். நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1845 முதல் ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ், 1930களிலிருந்து தமிழ் முரசு எனப் பழைய இதழ்களைப் புரட்டலாம். எந்தக் கோப்பை ரிசர்ச்சுக்குள் போட்டாலும், அதன் அட்டையில் தமிழில் மூன்று வரி எழுதிவையுங்கள்: என்ன இது, எங்கே கிடைத்தது, கதையில் எதற்கு. ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்துக்குள் ஸ்க்ரிவனரால் தேட முடியாது; அட்டையில் எழுதியதை மட்டும் தேடிக் கொடுக்கும். இந்த மூன்று வரியைச் சோம்பலில் விட்டவர்கள் ஆறு மாதம் கழித்து ‘படம் 47’ எதற்கென்று தெரியாமல் விழிப்பார்கள். பெரிய படங்கள் நிறைய இருந்தால் அவற்றை வேறொரு புராஜெக்டில் வைப்பது நல்லது. கைப்பேசியோடு ஒத்திசைக்கும்போது நாவல் கோப்பு கனக்காமல் இருக்கும்.

மென்பொருளோடு வரும் ‘நாவல்’ வார்ப்புருவில் பாத்திரப் படிவம், இடப் படிவம் என்று இரண்டு உண்டு. கேள்விகள் ஆங்கில நாவலுக்கானவை: தொழில், தோற்றம், பழக்கவழக்கம் இப்படி. அழித்துவிட்டுத் தமிழில் புதிதாகச் செய்துகொள்ளலாம், கால் மணி நேர வேலை. அதில் கட்டாயம் சேர்க்க வேண்டிய பகுதி ஒன்று: இவர் யாரை எப்படி அழைக்கிறார்? நீயா, நீரா, நீங்களா, தாங்களா? அண்ணனா, ஐயாவா, பட்டப்பெயரா? ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. தமிழில் விளி மாறினால் வினைமுற்றும் மாறும்: வந்தாய், வந்தீர், வந்தீர்கள். படகோட்டி மூன்றாம் அத்தியாயத்தில் வணிகனை ‘நீர்’ என்றும், எட்டாம் அத்தியாயத்தில் காரணமே இல்லாமல் ‘நீங்கள்’ என்றும் அழைத்தால், எத்தனை டிராகன் பறந்தாலும் அந்த உலகம் நம்பும்படி இருக்காது. விளி மாறுவது கதைத் திருப்பம் என்றால் எந்தக் காட்சியில் மாறுகிறது என்பதைப் படிவத்திலேயே குறித்துவிடுங்கள்.

மாயத்தின் விதிகளுக்கு ஒரு பக்கம் போதும். என்ன செய்ய முடியும், என்ன செய்யவே முடியாது, ஒவ்வொரு முறைக்கும் என்ன விலை, யாருக்கு இது தெரியும். அந்தப் பக்கத்தை ‘புராஜெக்ட் புக்மார்க்’ ஆக்கினால் எந்தக் காட்சியை எழுதும்போதும் வலப்பக்கம் திறந்துவைத்துக்கொள்ளலாம். சொந்த நாள்காட்டி உருவாக்குகிறவர்கள் கவனிக்க: ஒவ்வொரு காட்சிக்கும் நாம் சேர்க்கும் கூடுதல் விவரங்களில் (கஸ்டம் மெட்டாடேட்டா) ‘தேதி’ வகை நம் வழக்கமான நாள்காட்டியை மட்டுமே ஏற்கும். அதற்குப் பதில் ‘உரை’ வகையைத் தேர்ந்து 0412-03-09 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் பட்டியலில் காலவரிசைப்படி அடுக்கலாம். முன்னால் வரும் சுழியத்தை விட்டால் வரிசை குலைந்துவிடும்.

இனிப் பெயர் மாற்றம். தமிழில் எழுதுகிறவர் இந்த மென்பொருளில் அதிகம் அடிபடும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நாவலில் ‘நீலவரம்’ என்று ஒரு நகரம். பாதி எழுதியபின் அதைச் ‘செங்கோடு’ ஆக்க நினைக்கிறீர்கள். எடிட் மெனுவில் ‘புராஜெக்ட் ரீபிளேஸ்’ திறந்து பழையதையும் புதியதையும் கொடுத்தால் ஆங்கிலத்தில் வேலை முடிந்தது. தமிழில் ‘நீலவரம்’ என்று தேடினால் அந்த ஒரு வடிவம்தான் மாட்டும். நீலவரமும், நீலவரத்தை, நீலவரத்தில், நீலவரத்துக்கு, நீலவரத்தின் எல்லாம் அப்படியே நிற்கும். நாவலில் பாதி இடத்தில் செங்கோடு, பாதி இடத்தில் நீலவரம். வாசகர் இரண்டு நகரம் என்று நினைப்பார்.

சரியான வழி: முதலில் ‘நீலவர’ என்று மாறாத பகுதியை மட்டும் தேடிப் பாருங்கள். அந்தத் தேடலை ‘கலெக்‌ஷன்’ ஆகச் சேமித்தால் அந்த ஊர் வரும் காட்சிகள் எல்லாம் ஒரே பட்டியலில் நிற்கும். அந்தக் காட்சிகளை மொத்தமாகத் தேர்ந்து ‘ஸ்னாப்ஷாட்’, அதாவது அந்த நேரத்து நகல், எடுங்கள் (கன்ட்ரோல் அல்லது கமாண்டோடு 5). புராஜெக்ட் ரீபிளேஸ் செய்ததை ‘அன்டூ’ போட்டு மீட்க முடியாது என்பதால் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. பிறகு ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே மாற்றுங்கள்: நீலவரத்தில் என்பது செங்கோட்டில், நீலவரத்துக்கு என்பது செங்கோட்டுக்கு, நீலவரமும் என்பது செங்கோடும். ஆறேழு சுற்று ஆகும். கடைசியில் மறுபடி ‘நீலவர’ தேடி, பட்டியல் காலியானதா என்று பார்க்க வேண்டும்.

அதோடும் முடியவில்லை. ‘அந்த நீலவரம்’ இப்போது ‘அந்த செங்கோடு’ என்று நிற்கும். ‘அந்தச் செங்கோடு’ ஆக வேண்டும். ‘அவனை நீலவரத்துக்கு அழைத்தான்’ என்பதில் ந வந்ததால் ஒற்று மிகவில்லை; ச வந்ததும் ‘அவனைச் செங்கோட்டுக்கு’. இதை எந்த மென்பொருளும் செய்துதராது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். போதாததற்கு, ‘செங்கோட்டை அடைந்தான்’ என்றால் செங்கோடு என்ற ஊரை அடைந்தானா, செங்கோட்டைக்குள் போனானா?

ஆகவே பெயரை முதலிலேயே யோசித்து வைப்பது மலிவு. இகரத்திலும் ஐகாரத்திலும் முடியும் ஊர்ப்பெயர்கள் உருபு ஏற்கும்போது உருக்குலையாது: நீலகுடி, நீலகுடியில், நீலகுடிக்கு. மகரத்திலும், டு, று என்பவற்றிலும் முடிபவை குலையும். பாத்திரப் பெயர் வேறு சொற்களின் தலையில் ஒளிந்திருக்கக் கூடாது. ‘மணி’ என்று வைத்தால் மணிநேரம், மணிக்கட்டு எல்லாம் தேடலில் வந்து குவியும். பெயர் உறுதியாகவில்லை என்றால் வரைவில் ‘ஊர்ஒன்றி’ மாதிரி வேறெங்கும் வராத, இகரத்தில் முடியும் தற்காலிகச் சொல்லைப் போட்டுக்கொண்டு எழுதலாம். ஒத்த முடிவுள்ள பெயரால் பிறகு மாற்றினால் உருபுகள் தானே பொருந்தும்.

தேடியும் ஒரு சொல் கிடைக்கவில்லையா? ஒகர, ஓகார உயிர்மெய்களில் பிரச்சினை இருக்கலாம். ‘கொ’வில் உள்ள ஒகரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறாகத் தெரியலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய குறிப்புகளை ஒட்டும்போது இது நுழையும். ‘ஸ்ரீ’க்கும் இதே கதை. ஒரே ஆள் ஒரே விசைப்பலகையில் தட்டினால் பெரும்பாலும் வராது. மேக்கில் அஞ்சலும் தமிழ்99ம் உள்ளேயே இருக்கின்றன. (கணினித் தமிழுக்கான முதல் பெரிய அனைத்துலகக் கூட்டங்களில் ஒன்றான தமிழ்நெட் 97, நா. கோவிந்தசாமியின் முயற்சியில் இதே ஊரில்தான் நடந்தது. அந்த ஊரில் இருந்துகொண்டு இன்னும் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் நாவல் எழுதுவது நியாயமில்லை.)

எழுத்துப் பிழை பார்க்கும் வசதி தமிழுக்கு இல்லை. முதல் நாளே ‘தட்டும்போதே பிழை பார்’ என்பதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. நீச்சல்காரனின் வாணி என்ற இணையப் பிழைதிருத்தியில் காட்சி காட்சியாக ஒட்டிப் பார்ப்பது நல்ல மாற்று. கற்பனைப் பெயர்களை எல்லாம் பிழை என்றுதான் காட்டும், கண்டுகொள்ள வேண்டாம். உரையாடலை மட்டும் ஒளிரவைக்கும் வசதி தமிழிலும் வேலை செய்கிறது, அது மேற்கோள் குறியை நம்பி இயங்குவதால். பெயர்ச்சொல், வினைச்சொல்லைப் பிரித்துக் காட்டும் மேக் வசதியால் நமக்குப் பயன் இல்லை.

எம்ஆர்டி ரயிலில் எழுதுகிறவர்களுக்கு ஐபோன் பதிப்பு உண்மையிலேயே உதவும். காலையில் அரை மணி நேரப் பயணத்தில் ஒரு காட்சியின் உரையாடலை முடித்துவிடலாம். ஒத்திசைவு டிராப்பாக்ஸ் வழியாக நடக்கும். இங்கேதான் கவனம்: ஸ்க்ரிவனர் புராஜெக்ட் பார்வைக்கு ஒரே கோப்பாகத் தெரிந்தாலும் உள்ளே நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள். வீட்டுக் கணினியில் திறந்து வைத்துவிட்டுக் கைப்பேசியில் எழுதினால் முரண் பிரதிகள் உருவாகும். மூடு, டிராப்பாக்ஸுக்கு ஏறி முடிந்ததா பார், பிறகு அடுத்த கருவியில் திற. கூகுள் டிரைவில் நேரடிப் புராஜெக்டை வைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். மூடும்போது தானாக எடுக்கும் காப்புப்பிரதியை மட்டும் வேறு இடத்துக்கு அனுப்பும்படி அமைப்பில் மாற்றிவையுங்கள்.

கடைசியாக ‘கம்பைல்’. எல்லாக் காட்சியையும் ஒட்டி ஒரே கோப்பாக்கும் வேலை. ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிக்கான வார்ப்பைத் தேர்ந்தால், உங்கள் தமிழ் எழுத்துருவைத் தள்ளிவிட்டு அது தன் எழுத்துருவைப் போடும். மேலே உள்ள எழுத்துருப் பெட்டியில் தமிழ் எழுத்துரு ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். அத்தியாயத் தலைப்பில் ‘சாப்டர் ஒன்’ என்று ஆங்கிலத்தில் வருவதை, செக்‌ஷன் லேஅவுட்டின் தலைப்பு முன்னொட்டில் ‘அத்தியாயம்’ என்றும், எண்ணைச் சொல்லாகத் தரும் குறிக்குப் பதில் இலக்கமாகத் தரும் குறி என்றும் மாற்ற வேண்டும். சாய்வெழுத்தை அந்த வார்ப்பு அடிக்கோடாக மாற்றிவிடும். தமிழில் சாய்வெழுத்து எப்படியும் அழகாக வராது. ஆவி பேசுவதையும் மனதுக்குள் நினைப்பதையும் சாய்த்துக் காட்டாமல் மேற்கோள் குறியாலோ வாக்கிய நடையாலோ பிரித்துவிடுவது மேல். நேரடியாகப் பிடிஎஃப் எடுக்காமல் வேர்டு கோப்பாக எடுத்துத் தமிழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். சென்னைப் பதிப்பகங்களும் வேர்டைத்தான் கேட்கும். அங்கே பக்கம் அமைப்பவர் வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் மறுபடி ஒரு முறை முழுதாக மெய்ப்புப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

சிறுகதைக்கோ 20,000 சொல் குறுநாவலுக்கோ இது தேவையில்லை, கூகுள் டாக்ஸ் போதும். தமிழில் பேசியே தட்டச்சு செய்யும் வசதியும் அதில் இருக்கிறது. குறிப்புகளை ஒன்றோடொன்று இணைத்து உலகத்தை மட்டும் கட்ட நினைப்பவருக்கு ஒப்சிடியன் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு மூன்று பாத்திரங்களின் பார்வையில் நகரும், காலம் முன்னும் பின்னும் தாவும் நாவல் என்றால் மட்டும் ஸ்க்ரிவனருக்கு 80 வெள்ளி கொடுக்கலாம். அதையும் சோதனைக் காலத்தில் 12 காட்சிகளாவது எழுதி, ஒரு பெயரை மாற்றிப் பார்த்து, ஒருமுறை கம்பைல் செய்து பார்த்தபின் கொடுங்கள்.